நீங்களாகப் போன வாசலா?

(நல்லாயன் ஞாயிறன்று நம் பங்குத்தந்தை வானொலியில் வழங்கிய மறையுரை. கேட்கத் தவறியவர்களுக்காகவும், எழுத்தில் வேண்டும் என்று கேட்டவர்களுக்காகவும் இங்கே தருகிறோம்.)



இன்று நல்லாயன் ஞாயிறு. நற்செய்தியில் ஆண்டவர் ஆட்டுக் கொட்டிலைப் பற்றிப் பேசுகிறார். ஆயர் வாசல் வழியாக வருகிறார். வேறு வழியாக ஏறிக் குதித்து வருகிறவன் திருடன். ஆடுகளுக்குத் தங்கள் ஆயரின் குரல் தெரியும். அந்நியன் கூப்பிட்டால் அவை பின்னால் போவதில்லை, விலகி ஓடுகின்றன.

இந்த ஞாயிறு இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நாள். வழக்கமாக அதைப் பற்றித்தான் பேசுவேன். இன்று இந்த உவமையை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். வங்கியின் பெயரில் நமக்கு வரும் திருட்டு மின்னஞ்சல்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "மறையுரையில் இதெல்லாமா சாமி?" என்று சிலர் நினைக்கலாம். ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும், களவும் பொய்யும், ஒரே கடிதத்தில் மீறப்படுகின்றன. அந்தக் கடிதம் நம் பங்கு மக்களின் வீட்டுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. மேய்ப்பன் ஓநாயைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா?

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், டீச்சர் என்றே சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். "பேரச் சொல்லாம சொல்லுங்க ஃபாதர், நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தவர். கணவர் இறந்துவிட்டார். பேத்தியின் நர்சிங் படிப்புக்கென்று கொஞ்சம் பணம் வங்கியில் வைத்திருந்தார். காலைப் பூசையில் இரண்டாவது வரிசையில் அவர் இடம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

சென்ற ஆண்டு திடீரென்று அவர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போயிற்று. பதினோராம் நாள் வீட்டுக்கே போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஒருநாள் மாலை, செபமாலை முடித்து எழுந்தபோது கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல். மேலே வங்கியின் சின்னம். "கேஒய்சி விவரங்கள் புதுப்பிக்கப்படாததால் உங்கள் கணக்கு இன்று நள்ளிரவோடு முடக்கப்படும்" என்ற செய்தி. கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். மறுவாரம் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும். கணக்கு முடங்கினால் என்ன செய்வது? அழுத்திவிட்டார். வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது. பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்தார். கைப்பேசிக்கு ஓடிபி வந்தது. அதையும் அந்தப் பக்கம் கேட்டது, கொடுத்தார். "சரியாகப் பதிவாகவில்லை, மீண்டும் முயலுங்கள்" என்றது. இன்னொரு ஓடிபி, அதன்பின் இன்னொன்று. மூன்று முறை கொடுத்தார். ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. மொத்தம் 1,86,000 ரூபாய்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலேயே எழுதியிருந்திச்சு ஃபாதர். ஆனா நான் வேற யாருக்கும் சொல்லலியே, பேங்குக்குத்தான சொல்றேன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். "இவ்வளவு படிச்ச நீங்களே எப்படி டீச்சர்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்புக்குரியவர்களே, குருவாகி இத்தனை ஆண்டுகளில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பும் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. பதினோரு நாளாக அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்ற பயம்தான். கடைசியில் அதைக் கேட்டது அவருடைய பங்குச் சாமியார்.

அன்றே புகார் கொடுத்தோம். ஆனால் பதினோரு நாளில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு என்று மாறிப் போய், எடுக்கவும்பட்டுவிட்டது. ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.

இது முதல் கதை. இரண்டாவது கதை என்னுடையது.

ஐந்து மாதம் கழித்து எங்கள் ஊர்த் திருவிழா. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. பந்தல்காரர் முன்பணம் கேட்கிறார். மைக் செட்காரர் போன் மேல் போன். அசனத்துக்கு அரிசி இன்னும் வரவில்லை. மக்கள் கொடுத்த வரிப்பணம் முழுவதும் பங்குக் கணக்கில் இருக்கிறது. அலுவலகத்தில் கணினியைத் திறந்தால் ஒரு மின்னஞ்சல். "உங்கள் நிறுவனக் கணக்கு சரிபார்க்கப்படவில்லை. 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்காவிட்டால் பணம் செலுத்தும் வசதி நிறுத்தப்படும்." எனக்கு வியர்த்துவிட்டது. நாளை யாருக்கும் பணம் கொடுக்க முடியாமல் போனால்? உடனே அழுத்தினேன். பக்கம் திறந்தது. பயனர் பெயரை அடித்தேன். கடவுச்சொல்லில் பாதி அடித்திருப்பேன்.

அந்த நேரத்தில் டீச்சர் உள்ளே வந்தார். கணவரின் நினைவுநாளுக்குப் பூசைக் கருத்து எழுத வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஃபாதர், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஃபாதர், இது நீங்களாப் போன பக்கமா, அது உங்களக் கூட்டிட்டு வந்த பக்கமா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை மூடினோம். பாஸ் புத்தகத்தில் இருந்த எண்ணை எடுத்துக் கிளைக்குப் போன் செய்தேன். "நாங்க அப்படி எந்த மெயிலும் அனுப்பல ஃபாதர்" என்றார் மேலாளர். வழக்கமான முகவரியை நானே அடித்து உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. திருவிழா நடந்தது. "இவ்வளவு படிச்ச நீங்களே எப்படி ஃபாதர்?" என்று டீச்சர் என்னைக் கேட்கவில்லை.

அன்புக்குரியவர்களே, இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் டீச்சரின் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நீங்களாகப் போன வாசலா, அது கூட்டிக்கொண்டு வந்த வாசலா? ஆண்டவர் சொன்னதும் இதுதானே. ஆயர் வருவது தெரிந்த வாசல் வழியாக. திருடன் தனக்கென்று வேறு வழி வைத்திருக்கிறான். அந்த மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பு திருடன் நமக்காகத் திறந்துவைத்திருக்கும் வழி.

ஆங்கிலத்தில் இந்தத் திருட்டுக்கு 'ஃபிஷிங்' என்று பெயர். மீன்பிடித்தல் என்ற சொல்லையே எழுத்தைக் கொஞ்சம் மாற்றி 1990-களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கரையில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீன் தூண்டில் முள்ளைப் பார்ப்பதில்லை, இரையைத்தான் பார்க்கிறது. எந்த மீனுக்கு எந்த இரை என்று தூண்டில்காரருக்குத் தெரியும். இந்தத் திருடர்களும் அப்படித்தான். சிலருக்குப் பயம் என்ற இரை: கணக்கு முடக்கம், கார்டு நிறுத்தம், பான் எண் இணைக்கப்படவில்லை. சிலருக்கு ஆசை என்ற இரை: வருமான வரி திரும்ப வந்திருக்கிறது, கார்டில் சேர்ந்த பரிசுப் புள்ளிகள் இன்றோடு காலாவதி. இரை எதுவானாலும் முள் ஒன்றுதான். அதன் பெயர் அவசரம். "இன்றே", "இப்போதே", "நள்ளிரவுக்குள்." நாம் யோசிப்பதற்கும், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதற்கும் நேரம் கிடைக்கக் கூடாது. அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

டீச்சருக்குக் கல்லூரிக் கட்டணம். எனக்குத் திருவிழா. இரண்டு பேருமே முட்டாள்கள் அல்ல. இரண்டு பேருமே அவசரத்தில் இருந்தோம், பொறுப்போடு இருந்தோம். நம் நல்ல குணத்தைத்தான் அவன் பிடிமானமாக எடுத்துக்கொள்கிறான்.

தொடக்க நூலில் ஈசாக்கின் கதையை நினைத்துப் பாருங்கள். கண் மங்கிப்போன கிழவர். இளைய மகன் யாக்கோபு, அண்ணன் ஏசாவின் உடையை உடுத்தி, கையில் ஆட்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு, ஆசி வாங்க வருகிறான். ஈசாக்கு ஏமாளி அல்ல. அவருக்கு ஐயம் வந்தது. வேட்டைக்குப் போனவன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டானே என்று கேட்டார். குரல் யாக்கோபின் குரலாக இருக்கிறதே என்றும் கவனித்தார். தடவிப் பார்த்தார். ஆனால் கடைசியில் என்ன செய்தார்? யார்மேல் ஐயமோ அவனிடமே கேட்டார், "நீ ஏசாதானா?" என்று. அவனும் ஆம் என்றான். விஷயம் முடிந்தது.

நம்மில் பலர் இதையேதான் செய்கிறோம். மின்னஞ்சலைப் பார்த்து ஐயம் வருகிறது. சரி, கேட்டுவிடுவோம் என்று அதே மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்கிறோம். எதிர்முனையில் இனிமையான குரல்: "ஆமாம் சார், நாங்கள் வங்கியிலிருந்துதான் பேசுகிறோம்." யாக்கோபிடமே ஏசாவைப் பற்றி விசாரித்தால் என்ன பதில் வரும்? ஐயம் வந்தால் வேறு வழியில் விசாரிக்க வேண்டும். பாஸ் புத்தகத்தில் இருக்கும் எண், ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண், அல்லது நேரே கிளைக்குப் போய்க் கேட்பது. இந்த மூன்றும் உங்கள் கையில் முன்பே இருக்கும் வாசல்கள்.

இனி, மின்னஞ்சலை எப்படிப் பார்ப்பது என்று சில வார்த்தை.

முதலாவது, அனுப்பியவர் பெயர். நம் ஊரில் தபால் உறையின் பின்னால் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார். மின்னஞ்சலிலும் அப்படியே. வங்கியின் பெயர் பெரிதாகத் தெரியும். அந்தப் பெயரைத் தொட்டால் பின்னால் இருக்கும் உண்மையான முகவரி தெரியும். பல நேரம் அது வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முகவரியாக இருக்கும். சில நேரம் வங்கியின் முகவரி போலவே இருக்கும், ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். ஆங்கிலத்தில் ஆர் எழுத்தையும் என் எழுத்தையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரித் தெரியும். ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டிருப்பார்கள். ஆகவே பெயரைப் பார்த்து மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது, இணைப்பு. பொத்தானில் எழுதியிருப்பது ஒன்று, அது கூட்டிப்போகும் இடம் வேறு. கணினியில் சுட்டியை அதன்மேல் வைத்தால், அழுத்தாமலே, போகுமிடம் கீழே தெரியும். ஒரு முகவரியில் உரிமையாளர் யார் என்று பார்க்க, தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதைப் பாருங்கள். வீடு அவர்களுடையது. அதற்கு முன்னால் வங்கியின் பெயரை எத்தனை முறை எழுதியிருந்தாலும் அது வாடகைக்கு மாட்டிய பலகைதான். பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அனுப்புவதை வழியில் இருப்பவர்கள் படிக்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்று அது சொல்லவில்லை. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான்.

மூன்றாவது, அவர்கள் கேட்பது. கடவுச்சொல், ஓடிபி, பின் நம்பர், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்: இவற்றை எந்த வங்கியும் மின்னஞ்சலிலோ போனிலோ கேட்பதில்லை. யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்புவதற்குத்தான் தேவை, பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை. "பணம் வரணும்னா பின் போடுங்க" என்று சொல்கிறவன் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறான். அதேபோல மின்னஞ்சலோடு இணைத்து வரும் கோப்புகளையும், "இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று அனுப்பும் ஏபிகே கோப்புகளையும் திறக்காதீர்கள்.

முன்பெல்லாம் எழுத்துப் பிழையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பார்கள். இப்போது அதை நம்பிப் பயனில்லை. கணினியே பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறது, தமிழிலும்கூட. எனக்கு வந்த மின்னஞ்சலில் ஒரு பிழையும் இல்லை.

பவுலடியாருக்கும் இந்தத் தொல்லை இருந்தது என்றால் நம்புவீர்களா? தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தாம் எழுதியதுபோல வரும் கடிதத்தைக் கண்டு மனம் கலங்கிவிடாதீர்கள் என்று அந்தச் சபையை எச்சரிக்கிறார். கலங்காதீர்கள் என்கிறாரே, அதைக் கவனியுங்கள். பொய்க் கடிதம் முதலில் செய்வது நம்மைக் கலங்க வைப்பது. அதே திருமுகத்தின் முடிவில், வாழ்த்தைத் தம் கையாலேயே எழுதி, தம் கடிதங்களுக்கெல்லாம் இதுவே அடையாளம் என்கிறார். அவருடைய கையெழுத்தை அறிந்தவர்கள் பொய்க் கடிதத்துக்கு ஏமாறமாட்டார்கள்.

நம் நாட்டிலும் அப்படியோர் அடையாளம் இப்போது வந்திருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகள் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் உத்தரவிட்டது. மாற்றிக்கொள்ள அந்த ஆண்டு அக்டோபர் 31 வரை நேரம் கொடுத்தது. அப்படி முடியும் முகவரியை வங்கிகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. முடிய வேண்டும் என்பதை மறவாதீர்கள். நடுவில் எங்கேயாவது இருந்தால் கணக்கில்லை.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாது சாமி என்று வயதானவர்கள் சொல்வது கேட்கிறது. வேண்டாம். ஆடுகளுக்கு எல்லாத் திருடர்களின் குரலும் தெரியாது. தங்கள் ஆயரின் குரல் ஒன்றுதான் தெரியும், அது போதும். உங்களுக்கும் ஒரே ஒரு பழக்கம் போதும். வங்கியிலிருந்து என்று எது வந்தாலும் அதிலிருந்து எங்கும் போகாதீர்கள். மூடிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வாசல் வழியாக நீங்களாகப் போய்ப் பாருங்கள். உண்மையான செய்தியாக இருந்தால் அது அங்கேயும் இருக்கும். கணக்கு உண்மையிலேயே முடங்கினாலும் கிளைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். போன பணத்தைத்தான் எளிதில் திரும்பப் பெற முடியாது.

சரி, ஏமாந்துவிட்டால்? கவனமாகக் கேளுங்கள், முடிந்தால் செபப் புத்தகத்தின் அட்டையில் எழுதி வையுங்கள். 1930. இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே கூப்பிடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போனால், அதை வழியிலேயே நிறுத்திவைக்க வங்கிகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லிக் கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதியில், இரகசிய விவரங்களை நாமே கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு நம்முடையது, தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது என்று சொல்லப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கி 30 நாளுக்குள் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

டீச்சர் இழந்தது 1,86,000 ரூபாய் மட்டும் அல்ல, பதினோரு நாளும்தான். அந்தப் பதினோரு நாளைத் திருடியவன் மின்னஞ்சல் அனுப்பியவன் அல்ல. வெட்கம். வெட்கப்பட வைத்தது நாம்.

பெரிய பெரிய இடங்களே ஏமாந்திருக்கின்றன. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தின் மத்திய வங்கிக்கு நியூயார்க்கில் இருந்த கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டாலர் களவுபோனது. வேலை கேட்டு விண்ணப்பிப்பவர் போல ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்கள் வழியாகத்தான் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு சொல்கிறது. அந்த நாட்டு வங்கிகளுக்கெல்லாம் தலைமை வங்கி அது. அவர்கள் இன்னும் எவ்வளவோ எடுக்கப் பார்த்தார்கள். இலங்கைக்கு அனுப்பப் பார்த்த 2 கோடி டாலர் மட்டும், பெறுபவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததை ஒரு வங்கி ஊழியர் கவனித்துக் கேள்வி கேட்டதால் நின்றது. அங்கேயும் காப்பாற்றியது, நின்று கேட்ட ஒரு கேள்விதான். அப்படியிருக்க, அறுபது எழுபது வயதுப் பெரியவர்களைப் பார்த்து "உனக்கு அறிவு இல்லையா?" என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாளை உங்களிடம் வந்து "தம்பி, இதப் பாரேன், பேங்கிலேருந்து என்னவோ வந்திருக்கு" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். "இதுகூடத் தெரியாதாம்மா" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் மறுமுறை உங்களிடம் கேட்கமாட்டார்கள். தனியாக அழுத்திவிடுவார்கள். ஏமாந்து வந்து நின்றால் முதலில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1930-ஐ அழையுங்கள். அறிவுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இளைஞர்களுக்கு இன்னொரு வார்த்தை. திருடிய பணம் நேராகத் திருடனின் கணக்குக்குப் போவதில்லை. நடுவில் யாருடைய கணக்கோ வேண்டும். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வருகிற பணத்தை மாற்றிவிடு, கமிஷன் தருகிறோம்" என்று கல்லூரி மாணவர்களைத் தேடி வருகிறார்கள். பாஸ் புத்தகத்தையும் சிம் கார்டையும் ஏடிஎம் கார்டையும் சில ஆயிரங்களுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல முடியாது. சட்டம் அதை ஏற்காது. மனச்சான்றும் ஏற்காது. உன் கணக்கில் வந்துபோன பணம் யாரோ ஒரு டீச்சர் பேத்தியின் படிப்புக்கு வைத்திருந்த பணம். யூதாஸின் பையில் இருந்த காசும் கமிஷன்தானே? இதில் சிக்கியவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றே வெளியே வாருங்கள். ஒப்புரவுக்கு வாருங்கள். காவல் நிலையத்துக்கு உங்களோடு வர நானும் தயார்.

டீச்சரின் பேத்தி படிப்பை விடவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையும் டீச்சரின் பழைய மாணவர்களும் சேர்ந்து முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினார்கள். டீச்சர் மறுபடியும் இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஃபாதர், நானும் பிள்ளைங்கள அப்படிக் கேட்டிருக்கேன்" என்றார். இப்போது மாதம் ஒருமுறை அன்பியக் கூட்டங்களில் அவரே பேசுகிறார். தனக்கு வந்த அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறார். அதைக் காட்டி, சின்னம் எங்கே, முகவரி எங்கே, அவசரம் எங்கே என்று பழையபடி பாடம் நடத்துகிறார். கடைசியில் எல்லோரையும் ஒரே கேள்வியைத் திரும்பச் சொல்ல வைக்கிறார். நீங்களும் அதை வீட்டில் சொல்லிப் பழகுங்கள்: நானாகப் போன வாசலா, அது கூட்டிக்கொண்டு வந்த வாசலா?

ஆண்டவர் தம் சீடர்களை அனுப்பும்போது பாம்பின் விவேகமும் புறாவின் கபடின்மையும் வேண்டும் என்றார். ஏமாந்த பிறகு சிலர் புறாவை விட்டுவிடுகிறார்கள், யாரையுமே நம்புவதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது வேண்டாம். நம்புவது பாவம் அல்ல. நம்பிக்கைக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதன் வழியாகப் போங்கள்.

செபிப்போம்.

நல்லாயனே இயேசுவே, எங்கள் வாசலும் நீரே. அவசரம் எங்களை அழுத்தும்போது நின்று கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஏமாந்து தனிமையில் அழுகிறவர்களைத் தேடிப்போகும் மனதை எங்கள் குடும்பங்களுக்குத் தாரும். பிறர் உழைப்பைத் திருடுகிறவர்களுக்கு மனமாற்றத்தையும், அவர்களுக்குத் துணைபோகும் எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பி வரும் துணிவையும் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம்.